பிச்சிப்பூ வைத்து அனுப்பியவள்

கழுத்து வலம்புரிச் சங்காம், கன்னம் பழுத்த மாம்பழமாம், அந்தக் கழுத்தில்தான் அரிவாள் இறங்கியதாம் என்று டேப்புப் பறையைத் தட்டிக்கொண்டு பாடுகிறான் நடந்த கொலைகளைப் பாட்டாய்க் கட்டும் கொலைச்சிந்துக்காரன், சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் எட்டு வயதுப் பிரமுவின் கையைப் பிடித்தபடி நின்றுவிட்ட உலகம்மாளுக்கு, பெயர் வந்தபிறகுதான் அவன் பாடுவது தன் தங்கச்சி ஆவுடைத்தங்கத்தை என்று விளங்குகிறது, ஆவுடைக்கு மாம்பழக் கன்னம் ஏது, சின்னதில் அம்மை வார்த்த தழும்புதான் நெற்றியிலிருந்து தாடை வரை, அதைத் தடவிக்கொண்டே ஆறு வருஷத்துக்கு முந்தி, புருஷனுக்குப் பயந்து வந்து, அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மகள், இரண்டு வயதுப் பிரமு, அக்கா, நான் போகல, அவரு கண்ணு சரியில்ல, கொன்னே போட்டுருவாரு, உலகம்மாள்தான் கேட்கவில்லை, ஆம்பள கோவம் நாலு நாளைக்கு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ போடி, எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, பிச்சிப்பூச் சரத்தையும் தன் கையாலேயே வைத்துவிட்டாள், பூவும் பொட்டுமாப் போயி நின்னா மனசு எளகிருவான், ஆவுடை திரும்பிப் பார்த்தாளா, நினைவில்லை, தெருமுனை வரை பூ மட்டும் வெள்ளையாகப் போகிறது, இப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது, உலகம்மாள் கூப்பிடுகிறாள், பூ நிற்கவில்லை.

யாருக்குட்டி இந்தப் பூவுன்னு கேட்டேன், வெட்டுனேன் என்று கோர்ட்டில் ஜட்ஜு துரை முன்னால் புருஷன்காரன் சொன்னான், சிந்துக்காரனுக்கு அது போதும், கள்ளப் புருஷனுக்காகப் பூ முடித்தாள் என்று பாடுகிறான், இம்புட்டு அழகா இருந்தா இப்படித்தான் ஆவும் என்கிறாள் கூட்டத்தில் ஒருத்தி. உலகம்மாள் ஆட்களை விலக்கிக்கொண்டு போனாள், ஏ அய்யா, அவ என் தங்கச்சி, மூஞ்சி பூரா அம்மத் தழும்பு, கள்ளப் புருஷனும் கெடையாது ஒருத்தனும் கெடையாது, பூ வச்சது நாந்தான். அவன் டேப்பை இறக்கிவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னான், இருக்கட்டும் தாயி, தழும்பு மூஞ்சிக்காரிய வெட்டுனான்னு பாடுனா எவன் நின்னு கேப்பான், நீங்களே சொல்லுங்க.

பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது, பிரமு சேலையைப் பிடித்து இழுக்கிறாள், பெரியம்மா, ஆவுடைத்தங்கம்னா எங்கம்மாதான, அவ்வளவு அழகாவா இருந்தா, உலகம்மாள் தங்கச்சியின் முகத்தைத் தேடுகிறாள், ஒரு தழும்புகூட அகப்படவில்லை, அவன் பாடிய முகம்தான் வருகிறது, ஆமா என்றாள். அப்ப நான் அம்மா மாதிரியா என்று முகத்தை நிமிர்த்தினாள் பிரமு, வெயில் பட்டு மினுங்கும் முகம், பக்கத்தில் நின்ற ஆண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், உலகம்மாள் முந்தானையை உருவி, பிள்ளையின் தலையையும் முகத்தையும் சேர்த்து மூடினாள்.