ஓடைக்கு ஒரு சல்லடை

பதினோரு வருஷம் தோண்டித் தள்ளிய குவாரிக்காரர், இனி மணலும் இல்லை, சரளையும் இல்லை என்றானதும் லாரிகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே ஓடையோரம் அவர் விட்டுப் போனது ஆளுயரப் பள்ளங்களையும், சல்லடையில் இறங்காத பெருங்கற்களையும், சரளை கழுவிய சேறு காய்ந்து கிடந்த ஒரு குட்டையையும்தான். அதையெல்லாம் மூடிவிட்டுப் போக அந்தப் புண்ணியவானுக்கு நேரமில்லை. அந்த இடத்தைத்தான் எழுபத்தெட்டில், நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று சர்க்காரில் ஐந்து குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்துக்குள் பயிர் வைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிலம் திரும்பப் போய்விடும்.

ஐந்தில் ஒரு ஏக்கர் அமிர்தவல்லியுடையது. அதே குவாரியில் பத்து வருஷம் சரளை சலித்தவள் அவள். தான் தோண்டிக் கெடுத்த மண்ணே தன் தலையில் வந்து விழுந்ததை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் அது சொந்த மண். அவள் குடும்பத்தில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது.

முதல் நாள் அளந்து காட்ட வந்த தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. காசிநாதன் குடைக்கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தார். டங்கென்றது.

"என் குடையே எறங்கலியே, இதுல வேரு எங்கம்மா எறங்கும்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் அமிர்தவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"மூணு வருஷம் இருக்குல்ல சார். அப்ப வந்து குத்திப் பாருங்க."

வாயை விட்டாயிற்று, இனி செய்தாக வேண்டும். ஐந்து குடும்பமும் சேர்ந்து பள்ளங்களைத் தூர்த்தார்கள். குட்டையில் கிடந்த சேற்றைக் கூடை கூடையாகச் சுமந்து மேலே பரப்பினார்கள். சரளைக்கு ஆகாது என்று கழுவி விட்ட அந்த மாவு மண்தான் பயிருக்கு வேண்டிய மண். ஓடை அரிக்காமல் இருக்கப் பெருங்கற்களைக் கரையோரம் நெட்டுக்குத்தாக உயரச் சுவராக அடுக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஓடை வந்து ஒரே ராத்திரியில் சுவரைப் புரட்டிப் போட்டு, பரப்பிய மண்ணையும் வழித்துக்கொண்டு போனது.

"பண்ணை வேலைக்கே போயிடலாம் புள்ள. குட்டையிலயும் இனி மண்ணு இல்ல" என்றான் புருஷன் பிச்சைமுத்து.

அமிர்தவல்லி கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எதிரே, முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்த பழைய சல்லடை ஒன்று துருப்பிடித்து நின்றது. அழுகையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று மூக்கைச் சிந்தினாள். பக்கத்து ஏக்கர்க்காரி சிந்தாமணியைக் கூப்பிட்டாள். அவளும் சல்லடைக்காரிதான்.

"ஏண்டி, சல்லடைய நெட்டுக்குத்தா வெச்சு சரளைய வீசுனா என்னாவும்?"

"மூஞ்சியிலதான்க்கா அடிக்கும். மொத நாளு நான் வாங்குனேனே!"

"நாம ஓடைக்கு முன்னாடி நெட்டுக்குத்தாதானடி வெச்சோம்? அதான் திருப்பி அடிச்சுப்புட்டுது. சல்லடை மாதிரி சாச்சு வெப்போம்."

மறுநாளே உருண்ட கற்களைத் தேடி எடுத்து வந்தார்கள். இந்தத் தடவை சுவர் இல்லை. கரையிலிருந்து ஓடைக்குள், வரும் தண்ணீரைப் பார்த்துச் சாய்வாக, முழங்கால் உயரத்தில் ஏழு கல்வரிசை. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, அதில் ஆடு வாய் வைக்காத நொச்சிக் குச்சிகளை நட்டார்கள்.

"ஓடையையும் சலிக்கப் போறியா?" என்று பிச்சைமுத்து கேலி செய்தான்.

"ஆமா, சலிக்கத்தான் போறேன். தண்ணி போவட்டும், மண்ணு நிக்கட்டும்" என்றாள். கேலி செய்த வாயோடு அவனும் கல் தூக்கினான்.

அடுத்த வருஷ மழையில் வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண் வண்டல் நின்றது. அதை வாரி நிலத்தில் போட்டார்கள். நொச்சி துளிர்த்து, வேரால் கல்லைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வருஷம் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஓடை கரை மீறி நிலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஐந்து குடும்பமும் ரோட்டில் நின்று பார்த்தார்கள். இந்தத் தடவையும் மண் போனால் நிலமே போய்விடும். இன்னொரு வருஷம் கிடையாது.

தண்ணீர் வடிந்ததும் முதலில் ஓடியவள் அமிர்தவல்லி. ஓடியவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். கால் முழங்கால்வரை புதைந்துவிட்டது. ஏழு வரிசையும் அசையவில்லை. வேகம் அடங்கி மெல்ல ஏறிய வெள்ளம், தான் சுமந்து வந்ததையெல்லாம் நிலம் முழுக்க இறக்கிவிட்டு மெல்ல இறங்கிப் போயிருந்தது.

"ஏங்க, கூடையே வேணாங்க! ஓடையே கொண்டாந்து போட்டுருச்சுங்க!" என்று சேற்றில் நின்றபடி கத்தினாள். பிச்சைமுத்து துண்டைச் சுழற்றி வீசிவிட்டுக் குதித்தான்; அவனும் புதைந்தான்.

தை மாசம் காசிநாதன் வந்தபோது சோளம் ஆளை மறைத்து நின்றது. முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தாள். அது தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வரப்பிலிருந்து இறங்கிக் குடையைக் குத்தினார். அது பாதிவரை இறங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டு, நோட்டை விரித்து, பயிர் சோளம், நிலம் ஒப்படைதாரர்களுக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து பெயரையும் உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு குடையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"விட்டுட்டுப் போங்க சார்" என்றாள் அமிர்தவல்லி. "ரெண்டு மழை பேஞ்சா மொளைச்சிடும்."