தேத்தண்ணி குடிக்காத மாப்பிள்ளை

கிருஷாந்தன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு டொமினிக்கின் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. தாய் கௌசிகா சாம்பல்தீவிலிருந்து ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் கொண்டுவந்திருந்தார். டொமினிக்கின் மகள் லதுஷா டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். அவளும் கிருஷாந்தனும் இரண்டு வருடமாக விரும்பியவர்கள். டொமினிக்குக்கு அதில் மறுப்பில்லை. பையன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் மின்சார வேலை செய்கிறான். முகம் பார்த்துக் கதைக்கிறான். மோர்மன் சபை என்று ஏதோ ஒன்றில் சேர்ந்திருக்கிறான், மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறுகிறான் என்று கேள்விப்பட்டபோது மட்டும் டொமினிக் கொஞ்சம் யோசித்தார். "அவையும் கிறிஸ்துவைத்தான் கும்பிடுறவை அப்பா" என்று லதுஷா சொன்னதும் அந்தக் கதையை விட்டுவிட்டார்.

பிறகு தேத்தண்ணி வந்தது.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட டொமினிக்தான் குசினிக்குள் போயிருந்தார். மனைவி ஞானமலரை அடுப்பருகில் விடவில்லை. துறைமுக வாசலுக்குப் போகும் வீதியில் இருபத்தாறு வருடமாகத் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் அவர். கப்பலில் மூட்டை இறக்குகிறவர்களும் நேவிக்காரரும் மீன் லொறிக்காரரும் அந்தக் கடையில் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். மகளைக் கேட்டு வந்தவனுக்கு அவர் போட்ட பால்தேத்தண்ணியில் சாயமும் பாலும் சீனியும் எப்படி நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நுரை தளும்ப அதை அவரே ஏந்திக்கொண்டு வந்தார்.

"எனக்கு வேண்டாம் அங்கிள்" என்றான் கிருஷாந்தன். "நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை."

"பால் வேண்டாமோ? அப்ப பிளேன்ரீ போடட்டோ?"

"இல்லை அங்கிள், அதுவும் குடிக்கிறேல்லை. எங்கட சபையில விட்டிருக்கிறம். ஒரு கிளாஸ் தண்ணி தந்தாலே காணும்."

கௌசிகா சட்டென்று எழுந்து மகனுடைய கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் குடிக்கிறன் அண்ணை, எனக்கு ரெண்டு வேணும்" என்று சொல்லி, இரண்டையும் சூடு ஆறுமுன் குடித்து முடித்தார். நாக்குச் சுட்டிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் நின்றது. டொமினிக் அதைக் கவனிக்கவில்லை. அவர் தன் கையிலிருந்த வெறும் தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கடையில் இதைக் கேட்டவர் றுவைஸ். ஆட்டோ ஓட்டுகிறவர், கிண்ணியா முஸ்லிம், டொமினிக்கின் பழைய கூட்டாளி.

"மோர்மனோ? மோர் மட்டும் குடிக்கிற ஆக்களோ?"

"பகிடி விடாதை. என்ர வீட்டுக்கு வந்து, என்ர கையால போட்டதைத் தொடமாட்டன் எண்டிட்டான்."

"டொமினிக், வருசா வருசம் கிறிஸ்மசுக்கு உன்ர வீட்டுக்கு வாறன். உன்ர பண்டியிறைச்சியை ஒரு நாளாவது திண்டனானா? நீ கோவிச்சனீயா?"

"அது வேற."

"என்ன வேற?"

டொமினிக் யோசித்துப் பார்த்தார். "அது எனக்கு முந்தியே தெரியும்" என்றார். றுவைஸ் சிரித்ததில் பிளேன்ரீ சட்டையில் சிந்தியது.

ஆனாலும் அவர் மனம் ஆறவில்லை. இரவு சாப்பிடும்போது லதுஷாவிடம் கேட்டார், தேத்தண்ணியில் அப்படி என்ன பாவம் இருக்கிறதாம் என்று.

"கஃபீன் அப்பா" என்றாள் லதுஷா. அவளும் அவனிடம் இதைச் சரியாகக் கேட்டதில்லை. எங்கேயோ போனில் வாசித்திருந்தாள். "தேயிலையிலயும் கோப்பியிலயும் கஃபீன் எண்டு ஒண்டு இருக்கு. நித்திரையைக் கலைக்கிற சாமான். அதுதான் அவைக்குக் கூடாது."

"அப்ப அதை எடுத்திட்டால்?"

"எடுத்த தேயிலையும் இருக்கு. வெளிநாட்டுக்கு அனுப்புறவை. கொழும்பில பெரிய கடைகளில வாங்கலாமாம்."

அன்றிரவே டொமினிக் கொழும்பிலிருக்கும் தன் மச்சானுக்குக் கோல் எடுத்தார். மச்சானுக்கு விளங்கவில்லை. கால் நூற்றாண்டாகச் சாயம் காணாது, சாயம் காணாது என்று தேயிலைக்காரனோடு சண்டை பிடிக்கிற மனிதர், சத்தெடுத்த தேயிலை கேட்கிறார். இரண்டு கிழமை தேடி, ஒரு சின்னப் பெட்டியை பஸ்சில் கொடுத்துவிட்டார். பெட்டி முழுக்க இங்கிலீசு. டொமினிக் அதை லதுஷாவைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். பிறகு அதற்கென்று புதிதாகத் தேயிலை வடிக்கும் ஒரு வடியும் ஒரு கேத்திலும் வாங்கினார். பழைய வடியில் ஒட்டியிருக்கும் சாயம் கலந்துவிட்டால் பையனுடைய வாக்குக் கெட்டுப்போகுமே என்றார். ஞானமலர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் கடைக்கு வரும்படி கிருஷாந்தனுக்குச் சொல்லியனுப்பப்பட்டது. நல்ல வெயில். டவுனுக்குள் திரிகிற மான்களில் இரண்டு வாழைப்பழத் தோலுக்காகக் கடை வாசலில் நின்றன. கிருஷாந்தன் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையில் பாதி குடித்த கோலாப் போத்தல். அதை மேசையில் வைத்துவிட்டு நீள வாங்கில் உட்கார்ந்தான்.

டொமினிக் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, இண்டைக்கு நீ என்ர கடையில தேத்தண்ணி குடிக்கிறாய்." அவனுக்கு முன்னால் கோப்பையை வைத்தார். "பயப்பிடாதை. இது கஃபீன் எடுத்த தேயிலை. கொழும்பில இருந்து எடுப்பிச்சனான். வடியும் புதுசு."

கிருஷாந்தன் கோப்பையைப் பார்த்தான். அவன் முகம் வாடிப்போனது.

"அங்கிள்... கஃபீன் இல்லை பிரச்சினை."

"பின்னை என்ன?"

"தேயிலைதான். சூடான பானம் வேண்டாமெண்டு எங்கட புத்தகத்தில எழுதிக் கிடக்கு. அது தேத்தண்ணியும் கோப்பியும் எண்டுதான் சபை சொல்லுது. கஃபீன் எண்டு அதில ஒரு சொல்லும் இல்லை."

றுவைஸ் தன் வாங்கைக் கிட்ட இழுத்தார். "சூடான பானமெண்டால் சூப்பும் கூடாதோ?"

"சூப்புக் குடிக்கலாம்."

"மைலோ?"

"சுடச்சுடக் குடிக்கலாம்."

"அப்ப ஐஸ் போட்ட தேத்தண்ணி? அது சூடில்லையே."

"அது கூடாது. ஆறினாலும் தேயிலைதானே."

"இந்தக் கோலா?"

"அது குடிப்பன். எங்கட ஆக்களில சிலபேர் குடிக்கமாட்டினம், அது அவையின்ர விருப்பம். வேண்டாமெண்டு சட்டமில்லை."

"அல்லாஹ்வே! கோலாவில கஃபீன் இருக்கடா மகன்!"

"ஓம், இருக்கு" என்றான் கிருஷாந்தன் பரிதாபமாக.

கடையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். சூடு கூடாது, சூப்புச் சரி. கஃபீன் சரி, கஃபீன் எடுத்தது கூடாது. மீன் லொறிக்காரர் ஒருவர் இதை விரல்விட்டு எண்ணிப் பார்த்துப் பாதியில் கைவிட்டார். டொமினிக் மட்டும் புது வடியைக் கையில் பிடித்தபடி நின்றார். நீர் அதன் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கிருஷாந்தன் அந்த வடியைப் பார்த்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை நீட்டிக் கோப்பையை எடுத்தான். "பரவாயில்லை அங்கிள். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு..." என்று தொடங்கினான். கோப்பை வாய்க்குப் போவதற்குள் அவன் கை நடுங்கி, தேத்தண்ணி விரலில் சிந்தியது.

டொமினிக் இருபத்தாறு வருடமாக மனிதர்கள் கோப்பை தூக்குவதைப் பார்த்தவர். இப்படி ஒருவன் தூக்கி அவர் கண்டதில்லை. ஒரே எட்டில் வந்து அதை அவன் கையிலிருந்து பறித்தார். பறித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தன் வாயிலேயே ஒரு மிடறு ஊற்றினார்.

ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு வாசலுக்கு ஓடி வீதியில் துப்பினார். மான்கள் விலகி ஓடின.

"சீ! இதென்ன சாமான்! வைக்கோலை அவிச்ச தண்ணி மாதிரி!" என்று கத்தினார். "றுவைஸ், இதையோ நான் பிள்ளைக்குக் குடுக்கப் பார்த்தனான்?"

கடையே சிரித்தது. கிருஷாந்தனும் சிரித்தான், ஆனால் அவன் கை இன்னும் அடங்கவில்லை. டொமினிக் அதைக் கண்டார். கடை கொஞ்சம் ஓய்ந்ததும், கோப்பைகள் கழுவும் பின்பக்கத்துக்கு அவனைக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, ஏன் நடுங்கினனீ? ஒரு வாய் தேத்தண்ணிக்கு?"

கிருஷாந்தன் தண்ணீர்ப் பைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்.

"என்ர அப்பா குடிச்சுச் செத்தவர் அங்கிள். நானும் இருபது வயசில சாராயத்தில விழுந்திட்டன். கொழும்பில வேலை செய்யேக்க, அம்மா கோல் எடுத்தால் பதில் சொல்ல ஏலாமல் கிடப்பன். அப்பதான் சபைப் பெடியள் ரெண்டு பேர் என்ர அறைக்கு வரத் தொடங்கினவை. நான் கதவைச் சாத்துவன், அவை மற்ற நாளும் வருவினம். கடைசியா ஒரு நாள், சாராயம், சிகரட், தேத்தண்ணி, கோப்பி எல்லாத்தையும் ஒண்டாய் ஒரே வாக்கில விட்டனான். தேத்தண்ணி குடிச்சால் ஒண்டும் நடக்காதெண்டு எனக்குத் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே முடிச்சு அங்கிள். ஒண்டை அவிட்டால் மற்றதும் அவிண்டிடுமோ எண்டு பயம்."

"லதுஷாவுக்குத் தெரியுமோ?"

"முதலே சொல்லிட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் பயம். குடிகாரனுக்குப் பெண் தரமாட்டன் எண்டிடுவியள் எண்டு. பைத்தியக்காரச் சபைக்காரன் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை எண்டு விட்டிட்டன்."

டொமினிக் ஒரு கோப்பையை எடுத்துக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவியது.

"விட்டு எத்தின வருசம்?"

"ஆறு வருசமும் நாலு மாசமும்."

டொமினிக்கின் சொந்தத் தம்பி ஒருவன் இருந்தான். மூன்று தரம் விட்டு மூன்று தரமும் திரும்பப் போனவன். கடைசித் தரம் அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதை அவர் கிருஷாந்தனிடம் சொல்லவில்லை. ஈரக்கையை அவன் தோளில் வைத்தார்.

"இனி நீயாய்க் கேட்டாலும் என்ர கடையில உனக்குத் தேத்தண்ணி தரமாட்டன். விளங்கிச்சோ?"

"ஓம் மாமா" என்றான் கிருஷாந்தன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. டொமினிக் கேட்காதவர் போல பைப்பைப் பூட்டினார்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது ஞானமலர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமோ? எப்ப?"

"முதல் நாளே. குசினிக்குள்ள வந்து கௌசிகா அழுதழுது சொன்னவா."

"பின்னை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தேத்தண்ணியைப் பற்றித்தானே கேட்டனீங்கள்? பிள்ளையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே."

டொமினிக்கும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார்.

கல்யாணம் ஆவணி மாதம் நடந்தது. பதிவு எழுத்து முடிந்து, கப்பல்துறையில் ஒரு மண்டபத்தில் விருந்து. சாராயப் போத்தல் எதுவும் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று டொமினிக்கே வாசலில் நின்று பார்த்துக்கொண்டார். அவருடைய சொந்தக்காரர் சிலர் முகம் சுளித்தார்கள், அவர் கவலைப்படவில்லை. ஜிஞ்சர்பியர் பெட்டிகளை இறக்கியபோது மட்டும் ஒரு தடங்கல். பெயரில் பியர் இருக்கிறதே என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மணவறையிலிருந்த மாப்பிள்ளையிடம் றுவைசை அனுப்பிக் கேட்டார். கிருஷாந்தன் மாலையோடு எழுந்து நின்று, பரவாயில்லை என்று கை காட்டினான்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். கௌசிகாவும் வந்திருந்தார். டொமினிக் மறுபடியும் குசினிக்குள் போனார். இந்தத் தரம் கொத்தமல்லியை வறுத்து, வேர்க்கொம்பு என்கிற சுக்கைத் தட்டிப் போட்டு, மல்லிக்கோப்பி அவித்தார். கோப்பி என்று பெயரே ஒழிய, அதில் ஒரு கோப்பிக்கொட்டையும் கிடையாது என்று அவனுக்கு முன்கூட்டியே போனில் விளக்கிவிட்டிருந்தார். அவன் சிரித்துச் சிரித்துச் சம்மதித்திருந்தான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க கிருஷாந்தன் ஒரு மிடறு குடித்தான். விழுங்கினான். இன்னொரு மிடறு குடித்தான்.

"எப்படி?" என்றார் டொமினிக்.

"நல்லாயிருக்கு மாமா." கொஞ்சம் தயங்கினான். "வேர்க்கொம்புதான் கொஞ்சம் கூடிப்போச்சு. அம்மா போட்டால் இவ்வளவு உறைக்காது."

கௌசிகா மகனை முறைத்தார். லதுஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூடிப்போச்சோ?" என்றார் டொமினிக். கோப்பையை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நாக்கில் வைத்து யோசித்தார். "மெய்தான், கூடிட்டுது" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி அடுப்படிக்குத் திரும்பினார். "இருங்கோ, ஒருத்தரும் எழும்பாதேங்கோ. கௌசிகாத் தங்கச்சி, இஞ்ச வாங்கோ, நீங்கள் எவ்வளவு போடுறனீங்கள்? காட்டுங்கோ பாப்பம்."