மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர்

சனிக்கிழமை காலை டாக்டர் சுப்பராயலு மீன் தொட்டி முன் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"லோகநாதன் ரொம்ப நாளா இதைக் கேக்கறார். சாயந்திரம் அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள சுத்தமாச்சுன்னா இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா அவரே தூக்கிட்டுப் போகட்டும்."

லோகநாதன் கட்டடத்தின் சொந்தக்காரர். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் எங்கள் கிளினிக். தொண்ணூற்று மூன்றில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு அங்கே சேர்ந்தேன். தொட்டியும் என் பொறுப்பு. ஊசிக்கு வரும் குழந்தைகள் அதன் முன்னால் நின்றால் அழ மறந்துவிடும். யாரிடமும் பேச வராத எனக்கும் அந்த மூலை பிடித்திருந்தது. அந்த வாரம் இரண்டு மீன்கள் செத்துவிட்டன. நான்கு மிச்சம்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஸைஃபன் படம் வரைந்து ஐந்துக்கு ஐந்து வாங்கியவள். ட்ரிப் ஏற்றும் ட்யூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டேன். மறுமுனையை உறிஞ்சி வாளிக்குள் போட்டேன். லாரித் தண்ணீர் வாரம் இரண்டு நாள்தான் வரும். மீன் தண்ணீரைக்கூட வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவோம். குனிந்து தூக்க வேண்டாமே என்று வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தேன். தண்ணீர் சொட்டியது. இரண்டு மணி நேரத்தில் அரை வாளி. மணலுக்குள் இருந்த அழுக்கு அசையவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த நர்ஸ் பியூலா பார்த்தாள். அவளுக்கும் என் வயதுதான்.

"இன்னாடி காமு இது? பாட்டில் ஒசரத்துல இருந்தாத்தானே ட்ரிப் ஓடும்? நீ பாட்டிலையும் பேஷன்ட்டையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சிருக்க!"

நான் வாளியைப் பார்த்தேன். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ட்யூப் முனைக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் அதிகம். பரீட்சையில் வரைந்த படத்தில் பாத்திரம் கீழேதான் இருந்தது.

"இறக்கி வைக்கிறேன்" என்றேன்.

"தரையில வெச்சா மூணடி. ஜன்னல் எதுக்குக் கீது?"

கீழே ஹார்டுவேர் கடைக்குப் போய், கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ட்யூபில் இருபது அடி இரவல் வாங்கி வந்தாள். விரல் தடிமன். காலி குளுக்கோஸ் பாட்டிலின் அடியை வெட்டி, கழுத்தை ட்யூபின் ஒரு முனையில் செருகி, பிளாஸ்திரி சுற்றினாள்.

"காத்து பூந்தா நின்னு போயிடும். ட்ரிப்லயும் அப்படித்தான்."

மறுமுனையை வாஷ்பேசின் குழாயில் பொருத்தி, குமிழி எல்லாம் வெளியேறும்வரை தண்ணீர் விட்டாள். ரத்தக்குழாயைப் பிடிக்கும் கிடுக்கியால் அந்த முனையை இறுக்கி, ஜன்னல் வழியே இறக்கினாள். பாட்டில் முனை தொட்டிக்குள் போனது.

"போ, கீழ போயி அவுத்து வுடு."

கட்டடத்தின் பின்னால், ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த ட்ரம்முக்கு ஓடினேன். கிடுக்கியை எடுத்ததும் தண்ணீர் என் கையைத் தள்ளிக்கொண்டு ட்ரம்மில் அறைந்தது. பழுப்பாக வந்தது.

மேலே வந்து பார்த்தேன். பாட்டிலை மணலில் ஊன்றி ஊன்றி எடுத்தாள். அதன் அகன்ற வாய்க்குள் மணல் எழும்பிச் சுழன்றது. அழுக்கு மட்டும் ட்யூபில் ஏறிப் போக, மணல் திரும்பக் கீழே படிந்தது. மீன் கிட்டே வந்தால் ட்யூபை மடித்துப் பிடித்தாள், இழுப்பு நின்றது. நரம்பு தேடும்போது இருக்கும் அதே முகம். தொட்டியில் தண்ணீர் பாதியாகியிருந்தது.

"பாதிக்கு மேல வேண்டாம். மீனுக்கு ஆகாது" என்றேன் கடைசியில்.

"அது உன் டிபார்ட்மென்ட்" என்று ட்யூபை வெளியே எடுத்தாள்.

பின்பக்கக் கிணற்றில் ஊறியிருந்த தண்ணீரை இறைத்து வந்து மெல்ல ஊற்றி முடித்தபோது ஐந்தாக ஐந்து நிமிடம். மீன்கள் மேலும் கீழும் போய்வந்தன.

லோகநாதன் வந்தார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னா டாக்டர், அழுக்குன்னு சொன்னீங்க? பளபளன்னு கீதே! இப்பவே எடுத்துக்கிறேன்."

டாக்டர் தலையைச் சொறிந்தார். கட்டடக்காரரிடம் எப்படி முடியாது என்பது? பியூலா என் விலாவில் இடித்தாள்.

"சார்" என்றேன். காது சுட்டது. "உங்க வீடு தரைத் தளமா?"

"ஆமாம்மா. ராஜகீழ்ப்பாக்கம். ஏன்?"

"இங்க தண்ணி பதிமூணு அடி இறங்குது சார். அதான் இந்த இழுப்பு. உங்க வீட்டுல மூணடி கிடைக்கும். வேகம் பாதிகூட வராது. வாரா வாரம் யாராவது கூடவே நிக்கணும்."

"யாரு நிக்கிறது?"

"நீங்கதான் சார்" என்றாள் பியூலா.

அவர் தொட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும் டாக்டர். நான் மாடி கட்டினதும் வந்து எடுத்துக்கிறேன்."

அவர் படி இறங்கும் சத்தம் நின்றதும் பியூலா சொன்னாள்:

"அவர் மாடி நாலு வருஷமா கம்பி நீட்டிக்கினு நிக்குது. நீ மீனுக்குத் தீனி போடு."