ஆடிக் கிருத்திகை ஷிப்ட்

"ஆடிக் கிருத்திகைக்கு நீங்க திருத்தணி போய்ட்டு வாங்கண்ணா. அன்னிக்கு எனக்கு ஆஃப்தான். உங்க ஷிப்டை நான் பாத்துக்கறேன்" என்று கிறிஸ்டினா சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறவிக் குணம்.

"இந்த வருஷம் நான் எங்கியும் போகல. போய் உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் நகரவில்லை. "இன்சார்ஜ் சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனி எடைமேடையில் எனக்கு வேலை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகளைக் கீழே நின்று விசில் அடித்து மேடை மேல் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கிறிஸ்டினாவின் புருஷன் ஸ்டீபனுக்கும் அதே வேலைதான். புனித வெள்ளி வந்தால் அவன் ஷிப்டை நான் பார்ப்பேன். ஆடிக் கிருத்திகை வந்தால் என் ஷிப்டை அவன் பார்ப்பான். கம்பெனி முழுக்க இந்த வழக்கம் உண்டு. எல்லாம் வாய்ப் பேச்சுதான், எழுத்தில் எதுவும் கிடையாது. இதில் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

போன வருஷம் நான் திருத்தணிப் படிகளில் காவடியோடு ஏறிக்கொண்டிருந்தபோது, ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று ஸ்டீபனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. என் ஷிப்டில், என் இடத்தில் நின்றவன். மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தோடு பிணவறை வாசலுக்கு ஓடினேன். கிறிஸ்டினா என் தலையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கேட்காததுதான் என்னை அரித்தது. என் ஷிப்டுக்குப் போவதாக அவன் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினானா, தெரியாது. கம்பெனி அவளுக்கு அதே எடைமேடையில், உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் வேலை கொடுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். "அண்ணா" என்று அவள் வாயைத் திறந்தாலே, இன்றைக்குக் கேட்டுவிடப் போகிறாள் என்று லாரி பக்கம் நகர்ந்துவிடுவேன். இப்போது உள்ளே உட்காருகிறவள் வெளியே வந்து, அவன் செத்த இடத்திலேயே நிற்கப் போகிறாளாம்.

இன்சார்ஜ் வீரராகவன் தடுத்துவிடுவார் என்று நம்பி ஓடினேன். "நானும் சொல்லிப் பாத்துட்டேன்பா. ஒரே ஒரு நாள் சார்னு கெஞ்சுது. ஒரு வாரமா பழகிகினு வேற கீது. உன்ன விட நல்லாவே விசில் அடிக்குது" என்றார்.

வீட்டில் என் பெண்டாட்டி செண்பகம், "அந்தப் பொண்ணே கேக்குது. மாட்டேன்னா இன்னா நெனைக்கும்?" என்றாள்.

"எதுனா ஆச்சுன்னா?"

அவள் என் மஞ்சள் வேட்டியை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

கிருத்திகை அன்று விடியற்காலையில் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, திருத்தணிக்கு என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினேன். கால் நேராகக் கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டது. அங்கிருந்து எடைமேடை தெரியாது. விசில் மட்டும் மதிலைத் தாண்டிக் கேட்கும். ஆறு மணிக்கு முதல் விசில் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு மூச்சு விட்டேன். இரண்டு விசிலுக்கு நடுவில் மூச்சே விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை டீ குடித்தேனோ, ஒன்றும் நாக்கில் ஏறவில்லை.

பத்தே முக்காலுக்கு விசில் நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நான் ரோட்டைக் குறுக்கே பாய்ந்து கேட்டுக்கு ஓடினேன். ஷூ, ஹெல்மெட் எதுவும் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று செக்யூரிட்டி மார்பில் கையை வைத்துத் தடுத்தான். "உள்ள இன்னாடா ஆச்சு, சொல்லுடா!" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். முருகா என்றேன். ஏசுவே என்றும் கூப்பிட்டேன், யார் வந்தாலும் சரி என்று. அப்போது விசில் கேட்டது. அவன் சட்டையை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கிறிஸ்டினா வெளியே வந்தாள். முகமெல்லாம் துருத்தூசி.

"திருத்தணி போகலியாண்ணா? காலைலேர்ந்து இங்கியா குந்திகினு கீறீங்க?"

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வாயை விட்டு வந்துவிட்டது. "அன்னிக்கு அது என் ஷிப்டும்மா. நான் நின்னுருக்க வேண்டிய எடம்."

"தெரியும். சொல்லிட்டுதான் போனாரு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பத்தே முக்காலுக்குதான் அவரு போனது. இன்னிக்கும் அந்த நேரம் வந்தப்போ எனக்குக் கை ஓடல. லாரிய நிறுத்திட்டு அங்கியே கொஞ்சம் நின்னுகினு இருந்தேன்."

நான் மதில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு வேலைய எடுத்தா பாதில உடற ஆளே இல்லண்ணா அவரு. உங்க ஷிப்ட் பாதிலியே நின்னுபோச்சேன்னு எனக்கு அதே நெனப்பு. ரெண்டு மணி வரைக்கும் நின்னு முடிச்சிக் குடுத்துட்டேன். அதுக்குதான் உங்ககிட்ட கேட்டேன்."

சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்துபோனாள். ஒரு வருஷமாக நான் என்னை நினைத்தே பயந்துகொண்டிருந்தேன். ஸ்டீபனை நினைத்து அன்றைக்குத்தான் அழுதேன்.