எண்ணெய் போட வேண்டாம்

புருஷனைக் கொன்ற துப்பாக்கியைப் பெண்டாட்டி கையிலேயே ஒப்படைத்துவிட்டுப் போக ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். தளவாய்க்கு அது ஊருக்கே பங்கு வைக்கிற அளவுக்கு இருந்தது.

தென்காசியில் கிதிர் முகம்மது பாயின் துப்பாக்கிக் கடையில் சந்தனமாரி பல வருஷமாக வேலை பார்க்கிறாள். லைசன்ஸ் முடங்கியவர்களும் தேர்தலுக்காக ஒப்படைக்கிறவர்களும் கொண்டுவரும் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அடுக்கிக் காப்பது அவள் பொறுப்பு. துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்ன கலெக்டர் உத்தரவில் இந்தக் கடையின் பெயரே இருந்ததால் தளவாய்க்கு வேறு போக்கிடம் இல்லை. தோல் உறையோடு தன் ஒற்றைக்குழல் துப்பாக்கியை மேஜையில் போட்டான்.

“ஏட்டி, இதுக்கு எண்ணெ கிண்ணெ போட வேண்டாம். உறைய விட்டு எடுக்கவும் வேண்டாம். கெடக்கட்டும்.”

விசை இருக்கும் பகுதியை யாரும் பிரிக்கக் கூடாது என்றது உத்தரவு. அங்கிருந்த திருகாணிகள் மேல் பாய் அரக்கு முத்திரை வைத்தார். தளவாய் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினான்.

குற்றாலத்தில் அவன் கட்டிய லாட்ஜ் ஓடையை மறித்து நிற்கிறது என்று மனுக் கொடுத்தவன் சந்தனமாரியின் புருஷன் கோமதிசங்கர். பேசித் தீர்க்கலாம் என்று தளவாய் கூப்பிட்டான்; கோமதிசங்கர் போனான், பிணமாக வந்தான். “தொடச்சிக்கிட்டு இருந்தேன். பழைய துப்பாக்கி, விசையெல்லாம் துருவேறி இத்துப் போச்சு. தானா வெடிச்சிட்டு” என்றான் தளவாய். போலீஸ் அதை அப்படியே எழுதி, விபத்து என்று முடித்துவிட்டது. துப்பாக்கியைச் சோதிக்கச் சொல்லி அவள் மதுரை ஹைகோர்ட்டில் போட்ட மனு மட்டும் இன்னும் உயிரோடு கிடந்தது; அது முடியும்வரை துப்பாக்கி கடையில் இருக்க வேண்டும் என்றுதான் கலெக்டர் உத்தரவு.

தளவாய் போனபிறகு உறையைப் பிரித்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு விசையைத் தொட்டாள். துரு எங்கே இருக்கிறது? விரலால் அழுத்தி இழுத்தாலொழிய அசையாமல் கல் மாதிரி நின்றது. அப்போதுதான் அவன் சொன்னதன் சூது புரிந்தது. சாரல் காலத்தில் தோல் உறை ஈரத்தைக் குடித்துக் குடித்து இரும்புக்கு ஊட்டும். கோர்ட் கேட்கிற நாளில் அந்தத் துருவே வந்து அவனுக்குச் சாட்சி சொல்லும். பாவி!

“பாய், எண்ணெ போட வேண்டாங்கான்.”

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடைக்கு வந்த இரும்பு துருப்பிடிச்சா கடைக்குத்தாம்மா கேவலம். நா ஒண்ணும் பாக்கல.”

முதல் நாள் அந்தக் குழலைக் கையில் எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நீளக் கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டாள். விசை இடுக்கில் ஊசி முனையால் எண்ணெய் விட்டாள். கைவேர்வை பட்டால் அந்த இடமே துருப்பிடிக்கும் என்று வெளிப்புறம் முழுக்கப் பூசினாள். எண்ணெய் வழிந்து மரப்பிடியில் இறங்காதபடி குழல்வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் இப்படி எண்ணெய் தேய்த்ததில்லை. தேய்க்கத் தேய்க்க வெறிதான் ஏறியது. ‘உன்னக் கெடவிட மாட்டேன். அவன மாட்டிவிட்டுட்டு எக்கேடும் கெட்டுப் போ’ என்று ஒவ்வொரு தடவையும் அதனிடமே சொல்லுவாள்.

இரண்டு சாரல் காலம் போனது. கோர்ட் உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டரும் ஆயுதப் பரிசோதகரும் இரண்டு தரப்பையும் கடையில் கூட்டினார்கள். அன்று காலையில்தான் சந்தனமாரி துப்பாக்கியை மறுபடி உறைக்குள் நுழைத்திருந்தாள். உறையை மட்டும் அவள் ஒருநாளும் துடைத்ததில்லை. வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கிடந்த அதைப் பார்த்துத் தளவாய் மீசைக்குள் சிரித்தான்.

பரிசோதகர் உறையை உருவினார். குழல் பளபளத்தது. தளவாயின் சிரிப்பு செத்தது.

துப்பாக்கியின் சுத்தியை வெடிக்கத் தயாராகப் பின்னால் ஏற்றிவைத்து, அடிக்கட்டையைத் தரையில் இடித்தார். மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். சுத்தி விழவில்லை. விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மேலும் மேலும் சேர்த்தபிறகுதான் ‘டக்’ என்றது.

“தானா வெடிக்காது சார். விரல் வச்சு நல்லா இழுக்கணும்.”

“இவ ரிப்பேர் பாத்துட்டா!” என்று கத்தினான் தளவாய்.

இன்ஸ்பெக்டர் திருகாணிகளைக் காட்டினார். “முத்திரை ஒடயலயே. நீரு கையெழுத்துப் போட்டதுதான?”

“அப்போ எண்ணெ போட்டிருக்கா! போடக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா!”

நுணலும் தன் வாயால் கெடும். இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“துருப்பிடிச்ச துப்பாக்கின்னு எழுதிக் குடுத்த ஆளு, எண்ணெ போட வேண்டாம்னு ஏன் சொன்னீரு?”

சந்தனமாரிக்கு அழுகை வரவில்லை. வயிறு குளிர்ந்தது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவளுக்குச் சாப்பிட வேண்டும் போல் இருந்தது.

“கேஸ் முடியறவரைக்கும் கோர்ட்டுல கெடக்கணும்” என்றார் பரிசோதகர். “எண்ணெ போட்டுக் குடும்மா.”

அவள் துணியை எடுத்தாள். வாசல் பக்கம் நகரப் பார்த்த தளவாயை இன்ஸ்பெக்டர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இம்புட்டு நாளும் ஆளில்லாத நேரம் பாத்துப் போட்டேன்” என்றாள் சந்தனமாரி. “இன்னைக்கு நீரு பாத்துக்கிட்டு நில்லும்.”

அவசரமே இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்தபடியே தேய்த்தாள்.