பச்சையாகவே இருந்த திரை

மன்னார்புரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அனுசுயா வேலை பார்த்தாள். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு வாழும் நோயாளிகளுக்கான ஒரு இணையதளம் அவள் எழுதியது. நோயாளியின் விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜன் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். கே.கே. நகரில் உள்ள செவிலியர் மையத்தின் திரையில் அது பச்சைக் கட்டத்தில் எண்ணாகத் தெரியும். அளவு இறங்கினாலோ கிளிப் கழன்றாலோ கட்டம் சிவந்து மணி அடிக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மையத்திலிருந்து செவிலியர் ஹாஜிரா கூப்பிட்டார்.

"அனு, வேலையா இருக்கியாம்மா? பெருசா ஒண்ணுமில்ல. பீமராவ் சாருக்கு ரொம்ப நேரமா தொண்ணூத்தி நாலே காட்டுது. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

"மத்தவங்களுக்குக்கா?"

ஹாஜிரா மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "யா அல்லாஹ், யாருக்குமே மாறலயே" என்றார்.

ஈரக் கையோடு ஓடிவந்து தன் கணினியில் அதே பக்கத்தை குரோம் உலாவியில் திறந்தாள் அனுசுயா. அங்கே மற்ற எல்லோருடைய எண்களும் உயிரோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பீமராவின் கட்டம் மட்டும் சிவப்பு. எண்பத்தொன்று, எழுபத்தெட்டு என்று இறங்கி, அதற்குப் பிறகு வெறும் கோடு. யாருக்கும் கேட்காமல் போயிருந்த மணி இப்போது அவள் மேசையில் அடிக்க ஆரம்பித்தது.

"அக்கா, உங்க திரையில இருக்கறது பழைய நம்பர். சாருக்கு உடனே போன் போடுங்க."

பீமராவ் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில், மேலச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். போன் அடித்து அடித்து நின்றது. ஹாஜிரா ஆம்புலன்சுக்குச் சொன்னார். வீட்டுச் சாவி ஒன்று சமையல் செய்ய வரும் இருசம்மாளிடம் இருந்ததால் அவளையும் கூப்பிட்டார். அனுசுயா செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மணிச் சத்தத்தோடு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு பஸ், நகரவே இல்லை. போன வெள்ளிக்கிழமைதான் மையத்தில் புதிதாக ஐபேட் வாங்கியிருந்தார்கள். அவளே போய் அதில் சஃபாரி உலாவியைத் திறந்து லாகின் செய்து கொடுத்துவிட்டு வந்தாள். வாரம் முழுக்க ஓடியதே! நேற்றுகூட ஓடியதே! ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சுச் சத்தமே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. இப்படித்தானே அவர் அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் வண்டியை ஒடித்து, பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நுழைத்தாள்.

அவள் மாடி ஏறியபோது இருசம்மாள் பூட்டில் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் சாவி உள்ளே போகவில்லை.

"நான் காலையில வந்தப்ப நல்லா பேசிக்கிட்டிருந்தாரும்மா. ரசம் போதும்னு சொன்னாரு."

அனுசுயா சாவியை வாங்கித் திறந்தாள்.

பீமராவ் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். மூக்கில் இருக்கவேண்டிய குழாய் தலையணைமேல் கிடந்தது. ஆக்சிஜன் இயந்திரம் பக்கத்தில் உறுமிக்கொண்டு யாருக்கும் பயனில்லாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அவர்களைப் பார்க்கவில்லை.

"அக்கா, குழாய் கழண்டு கிடக்கு!" என்று அனுசுயா ஹாஜிராவிடம் போனில் கத்தினாள்.

"ரெண்டு பேருமா தூக்கி நிமிர்த்தி உக்கார வைங்க. குழாயை மூக்குல மாட்டு. மிஷின்ல அளவைக் கூட்டற குமிழை மட்டும் தொடாத. மூச்சு இருக்கா, பாரு."

இருந்தது. நூல் இழுப்பதுபோல மெலிதாக இருந்தது. இருசம்மாள் முதுகைத் தாங்கிக்கொண்டு "சாமி, சாமி" என்று அழைத்தபடியே இருந்தாள். அனுசுயா தரையில் கிடந்த கிளிப்பை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். அதன் முகப்பில் எழுபத்து நான்கு என்று வந்தது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு. எண்பது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியேறி வந்தபோது அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை.

பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அனுசுயா காரணத்தைத் தேடி உட்கார்ந்தாள். லாகின் செய்தவர் யார் என்று மறக்காமல் இருக்க உலாவியில் இணையதளம் வைத்துவிட்டுப் போகும் சின்னக் குறிப்புதான் குக்கி. சர்வர் அனுப்பவேண்டிய அந்தக் குக்கியை, அவசரத்தில், பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்டே எழுதிக்கொள்ளும்படி அவள் செய்திருந்தாள். குரோமில் அது பல மாதம் இருக்கும். சஃபாரியோ அப்படி எழுதப்பட்ட குக்கியை ஒரு வாரத்தில் அழித்துவிடும். மறைத்துவைத்த விதி ஒன்றுமில்லை; அவள்தான் படிக்கவில்லை. குக்கி போனதும் யாரென்று தெரியாத ஐபேடுக்கு சர்வர் எண்களைத் தர மறுத்துவிட்டது. மறுத்தால் சத்தமில்லாமல் மறுபடி முயற்சி செய், பழைய எண் அப்படியே இருக்கட்டும் என்று எழுதியதும் அவள்தான். அந்த வரியை அவள் மறுபடியும் மறுபடியும் படித்தாள்.

அலுவலகத்தை நடத்திய சிவசங்கர் பின்னால் நின்று அவள் விளக்கியதையெல்லாம் கேட்டார். "நெட் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்றார் மெதுவாக.

"நெட் போகலயே சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் பயம்தான். "சரி, மையத்துக்கு நானே போய்ச் சொல்றேன். நீ சாரைப் பாத்துச் சொல்லிடு."

மருத்துவமனையில் அவள் சொன்னதைப் பீமராவ் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் விழுந்து கெடந்தப்போ, யாருமே பாத்துண்டு இல்லையா?"

"இல்ல சார்."

"குழாய் எங்கேன்னு தேடினேன்மா. கையில அகப்படல. மணி அடிச்சிருக்கும், யாராவது வருவான்னு நெனச்சுண்டே கெடந்தேன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குக்கியைச் சர்வரே கொடுக்கும்படி மாற்றினாள். எந்தக் காரணத்தாலும் புது எண் வராமல் போனால் திரை முழுவதும் சிவந்து மணி அடிக்கும்படியும் செய்தாள். ஆனால் தன் சோதனைகளில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் கழிந்து, பழைய முறையாக இருந்தால் குக்கி மறைந்துபோயிருக்கவேண்டிய நேரத்தில் கே.கே. நகர் போய் ஹாஜிராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அந்த நேரமும் கடந்து போனது.

"மாறுதுல்ல?" என்றார் ஹாஜிரா.

"மாறுதுக்கா. இருந்தாலும்..."

மணி அடிப்பதைக் கேட்டால்தான் அவள் நம்புவாள் என்று ஹாஜிராவுக்குப் புரிந்தது. வீடு திரும்பியிருந்த பீமராவுக்குப் போன் செய்தார். "சார், கிளிப்பை ஒரு நிமிஷம் கழட்டுறீங்களா?"

கட்டம் சிவந்தது. அறை அதிர மணி அடித்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹாஜிரா மணியை நிறுத்தவில்லை. அனுசுயாவும் நிறுத்தச் சொல்லவில்லை. இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.