டிரைவருக்கு வராத சுளுக்கு

“என் கையெழுத்து செல்லாதுன்னு சொல்ல நீ யாருடா?”

“உங்க மச்சினன்தான் மாமா. அதனாலதான் மெதுவாச் சொல்றேன். தர மாட்டேன்.”

எலும்பு டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் இப்படி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது தெருமுனைவரை கேட்டது. நான் இருமல் மிட்டாய் வாங்கப் போயிருந்தேன். வாங்கியும் ஆகிவிட்டது. சும்மா நிற்பானேன் என்று எடை பார்க்கும் மெஷினில் ஏறிக்கொண்டேன்.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரி, கிளினிக், மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரும் இந்த வருஷம் கூடி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். சுளுக்கு, எலும்பு முறிவு எதுவானாலும், பழகிப்போனால் விடாத அந்த வலிமாத்திரை மூன்று நாளைக்குத்தான். சந்தேகம் வந்தால் கடைக்காரர் கேள்வி கேட்கலாம். மேடையேறி அதை ஆதரித்து நீட்டி முழக்கியவரே இந்த டாக்டர்தான். இப்போது அவர் சீட்டில் முப்பது மாத்திரை. அதுவும் தன் டிரைவர் பேரில், கணுக்கால் சுளுக்கென்று.

அந்த டிரைவரோ தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறி வந்தார்.

“அண்ணே, கால் எப்படி இருக்கு?” என்றார் கடைக்காரர்.

“எந்தக் கால்?”

டாக்டர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அவ்வளவு அக்கறையாக அதை யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

வாசலில் நின்ற காரிலிருந்து டாக்டரின் மனைவி, அதாவது கடைக்காரரின் அக்கா, இறங்கி வந்தார். போன வருஷம் உடைந்த அவர் மணிக்கட்டு கூடி, அதை ஊரே மறந்துவிட்டிருந்தது.

“அவரைத் திட்டாதடா. எனக்குத்தான். அது இல்லாம காலையில எந்திரிக்கவே முடியல.”

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “மூணு நாளைக்குப் போதும்னு தெரியும். ஞாயித்துக்கிழமை வலி வலின்னு யாரும் எழுப்பக் கூடாதுன்னு அப்பல்லாம் எல்லாருக்கும் முப்பதுதான் எழுதுவேன். மணிக்கட்டு உடைஞ்சப்ப இவளுக்கும் அப்படியே எழுதிட்டேன்.”

“நான்தான மாமா எடுத்துக் குடுத்தேன். நீங்க எழுதினதாச்சேன்னு வாயே தொறக்கல.”

“ரெண்டு பேரும் அழுது முடிச்சதும் என்னை யாராவது கூட்டிட்டுப் போங்க” என்றார் அக்கா.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடவைக்கும் டாக்டர் ஒருவரும் அந்த ஏற்பாட்டில் உண்டு, பக்கத்து ஊர்க்காரர். கடைக்காரர் போன் போட்டார். யாருக்கு என்று அங்கே கேட்டதும், டாக்டர் போனை வாங்கிக்கொண்டார்.

“என் மனைவிக்கு. எழுதிக் குடுத்தது நான்தான்.”

அடுத்த மாதம் கிளினிக்கை மூடிவிட்டு டாக்டரும் மனைவியும் அந்தப் பக்கத்து ஊருக்கே குடிபோனார்கள். அக்கா ஒருவழியாக மாத்திரையை விட்டுவிட்டாராம். டாக்டர் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாராம். டிரைவர், அந்த மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணையே கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்த டாக்டர், மாப்பிள்ளை மேடையேறியபோது அவர் கணுக்காலைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.